ரெம்ப்ராண்டின் கண்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லண்டன் கென்வுட் மாளிகையில் டச்சு ஓவியர் ரெம்ப்ராண்டின் ‘இரண்டு வட்டங்களுடன் சுய உருவம்’ பார்த்தேன். கடனில் வீட்டை இழந்து, மகனையும் பறிகொடுத்த தகப்பனின் துயரம் அந்தக் கண்களில் தேங்கி நிற்கிறது. அழுதுவிட்டேன். பின்னால் உள்ள வட்டங்களுக்கு என்ன பொருள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வட்டங்களை உலக வரைபடத்தின் இரு பாதிகள் என்பார்கள், கைவீச்சில் முழு வட்டம் போட்டுக் காட்டிய பழைய இத்தாலிய ஓவியர் ஜோட்டோவின் கதை என்பார்கள். முடிவான ஆதாரம் எதற்கும் இல்லை. விடுங்கள்.

அழுததில் தப்பில்லை. நானும் அதன் முன் கால் கடுக்க நின்றவன்தான். ஆனால் காரணம் சொன்னீர்களே, அதில்தான் எனக்குச் சண்டை. மகன் டைட்டஸ் இறந்தது 1668 செப்டம்பரில். ஓவியத்தில் தேதி கிடையாது. 1665க்கும் 1669க்கும் இடையில் என்று கணிக்கிறார்கள். இதை வரைந்தபோது பையன் உயிரோடு நடமாடிக்கொண்டிருந்திருக்கலாம்! 1656இல் திவாலானது உண்மை, வீடு கைவிட்டுப் போனதும் உண்மை. நீங்கள் அதையெல்லாம் படித்துவிட்டுப் போய் முகத்தில் தேடி எடுத்திருக்கிறீர்கள். அறுபதை ஒட்டிய மனிதருக்குக் கன்னம் தொங்கத்தான் செய்யும்.

என் அப்பாவின் கடைசிப் புகைப்படத்தைப் பார்த்து, ‘சாவு தெரிந்த கண்கள்’ என்று உறவினர்கள் உருகினார்கள். வெயில் கண்ணில் அடிக்கிறது என்று படம் எடுத்தவனைத் திட்டிக்கொண்டே அவர் நின்றது எனக்கல்லவா தெரியும்.

நீங்கள் கையைப் பார்த்தீர்களா? விரல்களே இல்லை. வண்ணத்தட்டு, தூரிகைகள், கையை ஊன்றிக்கொள்ளும் கோல் எல்லாம் சேர்ந்து வேகமான சில தீற்றல்கள். முதலில் கண்ணாடியில் தெரிந்தபடி, இடம் வலம் மாறி, வரைந்துகொண்டிருக்கும் கோலத்தில் தீட்டியிருக்கிறார். எக்ஸ்ரேயில் அது தெரிகிறது. அப்புறம் உடம்பை நேராகத் திருப்பி, சாமான்களை மறு கைக்கு மாற்றிவிட்டார். வெள்ளைத் தொப்பி அகலமான நாலைந்து இழுப்புகளில் முடிந்துபோகிறது. மீசையை ஈர வண்ணத்தில் தூரிகையின் பின்முனையால் கீறியிருக்கிறார். எதைத் தேய்த்து முடிப்பது, எதை அரைகுறையாக விடுவது என்று ஓயாமல் முடிவெடுத்துக்கொண்டிருக்கும் வேலைக்காரன் இவன். துக்கத்தில் இருப்பவன் இவ்வளவு கணக்குப் போடுவானா? போடலாம், அது வேறு விஷயம். ஆனால் இந்தக் கணக்கைப் பார்க்காமல் அழுகைக்கு ஓடுவது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை.

சரி, அடுத்த முறை தொப்பியில் ஆரம்பித்துக் கைக்கு இறங்குங்கள், முகத்துக்குக் கடைசியில் வாருங்கள். கென்வுட்டில் நுழைவுக் கட்டணம்கூடக் கிடையாது.