கல்லைப் படித்து என்ன ஆகப்போகிறது?

அன்புள்ள ஐயா,

மேலூர் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. பிளஸ் டூ முடித்துவிட்டேன், பி.எஸ்சி. ஜியாலஜி, அதாவது நிலவியல், படிக்க ஆசை. சித்தப்பா அதை ஜியாக்ரஃபி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். "கல்லைப் படித்து என்ன ஆகப்போகிறது, கம்ப்யூட்டர் எடு" என்கிறார் அப்பா. எங்கள் வயலில் போட்ட இரண்டு போரிலும் தண்ணீர் வரவில்லை. அந்தக் கடன் இன்னும் இருக்கிறது. அவர் பயம் எனக்குப் புரிகிறது. என்ன செய்யட்டும்?

மேலூரிலிருந்து ஒரு மாணவி

அன்பு மகளுக்கு,

சேர்ந்துவிடு. அப்பாவிடம் பேச்சை அந்த இரண்டு போரிலிருந்தே தொடங்கு. அவர் கடனுக்குக் காரணமானதைத்தான் நீ படிக்கப்போகிறாய்.

நம் பக்கம் மண்ணுக்குக் கீழே கெட்டிப் பாறை. அதன் உடம்பில் தண்ணீர் தங்காது. மேலே உளுத்துப்போன அடுக்கிலும், கீழே ஓடும் விரிசல்களிலும்தான் தங்கும். விரிசலுக்குப் பத்தடி தள்ளி இறக்கினாலும் குழி வறண்டுபோகலாம். எங்கள் ஊரில் போர் போட்டபோது விடிய விடிய பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கம்ப்ரசர் பாறைத்தூளை அரிசி மாவு போல ஊதித் தள்ளியது. எல்லோருக்கும் புருவம் வரை வெள்ளை. 300 அடி தாண்டியும் அதே மாவு. நிறுத்திவிட்டோம். அடுத்த வருடம் நிலவியல் படித்த ஒரு பெண் வந்தார். நான்கு இரும்புக் கம்பிகளை நேர்கோட்டில் அடித்து மின்சாரம் செலுத்தி, கம்பிகளைத் தள்ளித் தள்ளி நட்டு, மதியம் வரை அளந்தார். "இங்கே வேண்டாம், வேலி ஓரம் போடுங்கள்" என்றார். அங்கே 180 அடியில் தூள் ஈரமாகி, சேறாகி, அப்புறம் தண்ணீராகவே வந்தது. இந்த முறையும் தவறுவதுண்டு. ஆனாலும் தண்ணீர் பார்க்க உள்ளங்கையில் தேங்காயை வைத்து நடப்பதைவிட எவ்வளவோ மேல்.

சரி, வேலை. தமிழ்நாட்டில் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி, திருச்சி நேஷனல் கல்லூரி, சென்னை மாநிலக் கல்லூரி ஆகியவற்றில் இந்தப் பாடம் உண்டு. பி.எஸ்சி.யோடு நிறுத்தாதே, எம்.எஸ்சி.யும் முடி. அதன் பிறகுதான் யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி விஞ்ஞானி தேர்வை எழுதலாம். 1851இல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்துக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அதன் வழியாகத்தான் ஆள் எடுக்கிறார்கள். மலை ஏற வேண்டும், வெயிலில் நடக்க வேண்டும். பெண்களும் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

சேர்வதற்கு முன் ஒரு காலை ஒத்தக்கடையில் இறங்கி யானைமலை அடிவாரத்துக்குப் போய் வா, அப்பாவையும் கூட்டிக்கொண்டு. பாறையில் வெள்ளையும் கறுப்புமாக வரிகள் ஓடும். சில இடங்களில் பிழிந்த வேட்டி மாதிரி முறுக்கிக் கிடக்கும். மதுரையைச் சுற்றியுள்ள பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே வெந்து நெளிந்தவை. அப்போது மடகாஸ்கர் நம்மை ஒட்டி இருந்தது. மேலே இருந்த அத்தனையும் கரைந்துபோய்த்தான் இன்று நாம் அவற்றைத் தொட முடிகிறது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் எத்தனை முறை பார்த்திருப்பாய்!

பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள். மலையில் கை வைக்காதே, கீழே உதிர்ந்து கிடக்கும் சில்லு போதும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு கல்லை மெதுவாகக் கிட்டே கொண்டு வா. கறுப்பு வரியில் மினுமினுப்பது அப்பிரகம், அதாவது மைக்கா. நீ பார்த்ததும் அப்பா கையில் கொடு.