உங்கள் கேள்விகள்: போத்தலில் வரும் பசளை வெங்காயத்துக்குப் போதுமா?

கேள்வி: நீர்வேலியில் ஐந்து பரப்பில் சின்ன வெங்காயம் செய்கிறேன். யூரியா மூடைக்குப் பதிலாக அரை லீற்றர் திரவப் பசளையை இலையில் விசிறினால் போதும் என்று சொன்னார்கள். கடந்த போகம் அதை நம்பி மண்ணுக்கு எதுவும் இடவில்லை. தாள் பச்சையாக நின்றது. கிண்டியபோது குமிழ்கள் சிறுத்திருந்தன. பிழை எங்கே?

பதில்: போத்தலின் மேலுள்ள நூற்றுவீதத்தைப் பார்த்து ஒரு சிறு கணக்குப் போட்டால் விடை கிடைத்துவிடும். 2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்ட காலத்தில் நம் நாட்டுக்கு வந்த நனோ நைதரசன் திரவத்தில் உள்ள நைதரசன் நான்கு வீதம். அரை லீற்றர்ப் போத்தல் ஒன்றில் அது ஏறத்தாழ 20 கிராம். யூரியாவில் நைதரசன் 46 வீதம் என்பதால், 50 கிலோ மூடையில் 23 கிலோ இருக்கிறது. தோட்டத்திலிருந்து வெளியேறும் ஒவ்வொரு தொன் வெங்காயமும் இரண்டு கிலோவுக்குக் குறையாத நைதரசனைத் தன்னுடன் எடுத்துச் செல்லும்போது, 20 கிராம் அந்த இழப்பை எப்படி ஈடுசெய்யும்? உங்கள் உழைப்பில் குறையில்லை. பயிர் மண்ணில் இருந்த பழைய சேமிப்பை உண்டு தாள் வளர்த்தது. குமிழ் பருக்கும் வேளையில் அந்தச் சேமிப்பும் தீர்ந்திருக்கிறது.

இதனால் திரவப் பசளை வீண் என்று எண்ணிவிடாதீர்கள். சிறிய அளவில் தேவைப்படும் ஊட்டங்களைக் கொடுப்பதற்கு இலைவழித் தெளிப்பே நமக்குக் கிடைத்த நல்ல வழி. யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் சுண்ணாம்புக்கல்லின் மேல் அமர்ந்திருக்கிறது. இறைக்கும் நீரும் சுண்ணாம்பு கலந்ததே. இத்தகைய காரத்தன்மையுள்ள மண்ணில் இரும்பும் துத்தநாகமும் இருந்தும் வேருக்கு எட்டாமல் கட்டுண்டு கிடக்கின்றன. இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இடைப்பகுதி மஞ்சளித்தால், மண்ணில் கிலோக் கணக்கில் கொட்டுவதைவிட இலையில் கிராம் கணக்கில் தெளிப்பது விரைவாகப் பலன் தரும். ஆனால் வெங்காயத் தாள் நிமிர்ந்து நிற்பது, மெழுகு பூசியது. வெறும் நீரில் கலந்து விசிறினால் துளிகள் முத்துப்போல் உருண்டு பாத்தியில் விழுவதை நீங்களே குனிந்து பார்க்கலாம். ஒட்டும் திரவம் சேர்த்து, வெயில் தாழ்ந்த பின் மெல்லிய தூறலாகத் தெளித்தால்தான் தாளில் தங்கும்.

திரவ வடிவத்தின் உண்மையான பலம் பொசுபரசு விடயத்தில் தெரிகிறது. தென் அவுஸ்திரேலியாவின் எயர் பகுதியில் (அதுவும் ஒரு குடாநாடுதான்) சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் கோதுமைக்குத் திரவப் பொசுபரசை விதையருகே மண்ணுக்குள் இட்டபோது, அதே அளவு பொசுபரசைக் குருணைப் பசளையாக இட்டதைவிடக் கூடுதல் பலன் கிடைத்தது. மண்ணில் விழும் குருணை சுற்றியுள்ள ஈரத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதால் பொசுபரசு வெளியே பரவாமல் ஓரிடத்திலேயே செறிந்து, கல்சியத்துடன் சேர்ந்து கரையாத பொருளாக இறுகிவிடுகிறது. திரவமாக இட்டால் அது அகலப் பரவி, கூடுதலான வேர்களைத் தொடுகிறது. நம் மண்ணும் அவர்கள் மண்ணும் ஒன்றல்ல. ஆயினும் ஒரு பாத்தியில் குருணை, அடுத்த பாத்தியில் கரைசல் என்று சம அளவில் இட்டு, கிண்டும்போது தனித்தனியே நிறுத்துப் பார்ப்பது உங்களுக்குப் பெரிய செலவில்லை. இதைச் செய்துபார்க்கும்படி உங்களை வற்புறுத்தியே கேட்கிறேன்.

மண் வளம் வேறு கதை. கரைசல் எதுவும் மண்ணுக்குச் சேதனப் பொருளைப் போதிய அளவில் தராது. நம் முன்னோர் பூவரசங் குழையும் பனையோலையும் தாழ்த்தியதும், தோட்டத்தில் ஆட்டுப்பட்டி அடைத்ததும் அதற்காகத்தான். நீரையும் ஊட்டத்தையும் பிடித்துவைக்கும் சேதனப் பொருள் இல்லாத செம்மண்ணில், திரவமாக இட்டாலும் குருணையாக இட்டாலும் பசளை நில்லாமல் கீழே இறங்கிவிடும். அடுத்த போகத்துக்கு முன் மண்ணைப் பரிசோதித்து, விவசாயப் போதனாசிரியரிடம் அளவு கேட்டு, குழையும் எருவும் தாழ்த்திய பின் யூரியாவைப் பிரித்து இடுங்கள். போத்தல் அதற்குத் துணையாக இருக்கட்டும்.

கேள்வி: இணுவிலில் துளிநீர்ப் பாசனம் போட்டிருக்கிறேன். பசளையைத் தாங்கியில் கலந்தால் பால்போல் வெளுத்து, சில நாளில் துளிவாய்கள் அடைத்துவிடுகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் படியும் அதே சுண்ணாம்புதான் இங்கும் வேலை செய்கிறது. கிணற்று நீரிலுள்ள கல்சியம் பொசுபேற்றைக் கண்டால் கரையாத வெண்பொடியாகிறது. கல்சியம் நைத்திரேற்றைப் பொசுபேற்றுடனோ சல்பேற்றுடனோ ஒரே தாங்கியில் கலந்தாலும் இதுவே நடக்கும். அவற்றை வெவ்வேறு நாளில் விடுங்கள். புதிய கலவை எதையும் முதலில் ஒரு கண்ணாடிப் போத்தலில், உங்கள் கிணற்று நீரிலேயே, அதே விகிதத்தில் கரைத்து இரண்டு மணிநேரம் வையுங்கள். கலங்கினால் அது குழாய்க்கு ஆகாது. அமிலத்தன்மையுள்ள திரவப் பசளைகள் அடைப்பைக் குறைக்கும்.

முதலில் வெறும் நீர், இடையில் பசளை, கடைசியில் குழாயைக் கழுவுவதற்கு மட்டும் மீண்டும் சிறிது நீர் என்ற ஒழுங்கைக் கைவிடாதீர்கள். பசளையை முதலிலேயே விட்டு, பிறகு நெடுநேரம் இறைத்தால் நைத்திரேற்று வேரைக் கடந்து சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாகக் கிணற்றுக்கே போய்ச் சேரும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது மீறப்பட்டிருப்பதை யாழ்ப்பாண ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். பம்பி நின்றதும் பசளைக் கரைசல் பின்னோக்கிக் கிணற்றில் விழாதபடி குழாயில் ஒருவழி வால்வு பூட்டியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.