சேலத்தில் கடலே இல்லையே, புயல் மழைக்கு ஏற்காட்டில் வீடு வைத்திருப்பவர் ஏன் பயப்பட வேண்டும்?

கரையேறியதும் புயலின் காற்றுதான் அடங்கும், ஈரம் அடங்காது. மெதுவாக நகரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலெழும்போது மொத்தமாகக் கொட்டிவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. அதன் பிறகு கடலே இல்லாத ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பெய்தது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது சுமார் 7% அதிக நீராவியைத் தாங்கும். பூமி சூடாகிக்கொண்டே போகிறது, ஆகவே இனி வரும் புயல்கள் கொட்டுவதும் கூடத்தான் செய்யும்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் விழும் மழை இங்கேயே நின்றுவிடுவதும் இல்லை. தெற்கே திருமணிமுத்தாறாகவும் சரபங்காவாகவும் காவிரிக்குப் போகிறது. வடக்கே வாணியாறாகித் தென்பெண்ணையில் சேர்ந்து கடலூருக்குப் போகிறது. 2024 டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தபோது கடலூர்க்காரர்களின் வீட்டுக்குள் புகுந்தது மலைத் தண்ணீர்தான்.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். மலையில் முதலில் விழுவது பெரும்பாலும் தடுப்புச் சுவர். மண்ணின் பாரத்தை மட்டும் கணக்கிட்டுக் கட்டிவிடுகிறார்கள், பின்னால் தேங்கும் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். 10 அடிச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் முழு உயரத்துக்கு நின்றால், நீளத்தில் ஒவ்வோர் அடிக்கும் ஏறத்தாழ 1.4 டன் தள்ளும். பாதி உயரத்துக்கு வடித்துவிட்டால் அதில் கால்வாசிதான்.

அதனால் தண்ணீர் வடிய 3 அங்குல பிவிசி குழாய்களைச் சுவரில் 5 அடிக்கு ஒன்றாக, வரிசைக்கு வரிசை மாற்றி, வெளிப்பக்கம் சாய்வாகப் பதிக்க வேண்டும். கீழ் வரிசை தரையிலிருந்து அரை அடிக்குள் இருக்கட்டும். சுவருக்குப் பின்னால் ஓர் அடி அகலத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி. செலவைக் குறைக்கப் பழைய சிமென்ட் சாக்கைப் போடும் பழக்கம் உண்டு. அது கிழிந்து, மண் இறங்கி, குழாய் அடைத்துக்கொள்ளும். நல்ல மழையிலும் குழாயில் ஒரு சொட்டு வராவிட்டால் நிம்மதி வேண்டாம், அடைப்பைப் பாருங்கள்.

கூரைத் தண்ணீரையும் கவனியுங்கள். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 20 செ.மீ. பெய்தால் சுமார் 18,600 லிட்டர். சேலத்துச் சமவெளியில் அதை உறிஞ்சுகுழியில் விடுவது நல்ல காரியம். மலைச்சரிவில், அதுவும் சுவருக்கு மேல்புறம் குழி வெட்டினால், நீங்களே மண்ணை ஊறவைத்துச் சரிக்கிறீர்கள். குழாய் போட்டு ஓடைவரை கொண்டுபோய் விடுங்கள். மேல்சரிவில் வெடிப்பு தெரிந்தால் களிமண்ணால் அடைத்துத் தார்ப்பாய் போர்த்துங்கள். மழை அடிக்கும்போது அந்த வேலைக்கு ஏறாதீர்கள்.

மழை விடாமல் பெய்யும்போதே பக்கத்து ஓடை திடீரென்று வற்றினால், மேலே எங்கோ மண் சரிந்து அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அது உடைத்துக்கொண்டு வரும். பார்க்கப் போகாமல், ஓடையை விட்டு விலகிப் பக்கவாட்டில் மேடேறிவிடுங்கள்.