எங்கள் தெரு ஏரிக்குள் இருந்ததா? – வாசகர் கடிதம்

வணக்கம்.

மாம்பலம் ஏரியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு பழைய சென்னை வரைபடங்களை இறக்கி, இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்திப் பார்த்தேன். தி.நகரில் எங்கள் தெரு ஒன்றில் ஏரிக்குள் இருக்கிறது, இன்னொன்றில் ஏரியின் மேற்கு விளிம்புக்கு வெளியே இருக்கிறது. இதே தெருவில் 1948-இல் பிறந்த அப்பாவோ, "இங்க ஏரி எங்கடா இருந்தது, நான் பார்த்ததே இல்லையே" என்கிறார். எதை நம்புவது?

– ஒரு வாசகர், தி.நகர்

அன்புள்ள நண்பருக்கு,

மூன்றையும் நம்பலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்பா சொல்வது சுலபம். மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே வளைந்து கிடந்த அந்த நீண்ட ஏரியின் மாம்பலம் பகுதியை வற்றவைத்து தி.நகரை எழுப்பியது 1920-களில். அவர் பிறந்தபோது ஏரி போய் இருபது வருடமாவது ஆகியிருக்கும், அவர் எப்படிப் பார்த்திருப்பார்?

வரைபடங்கள் இரண்டும் ஒத்துப்போகாததற்குக் காரணம் ஏரியின் அமைப்பிலேயே இருக்கிறது. நம்முடைய ஏரி வெட்டிய குளம் இல்லை. சரிவான நிலத்தில் தாழ்ந்த பக்கம் மட்டும் கரை போட்டு, மேட்டுப் பக்கத்தைத் திறந்து விட்டிருப்பார்கள். சென்னை கடலை நோக்கிச் சரிவதால் கரை பெரும்பாலும் கிழக்கே இருக்கும், தண்ணீர் மேற்கே உள்வாயில், அதாவது கரைக்கு உட்புறம் தண்ணீர் நிற்கும் பரப்பில், பரவும். உள்வாய் தட்டையான நிலம், இரண்டடி தண்ணீர் ஏறினால் விளிம்பு எங்கேயோ போய்விடும், இரண்டடி இறங்கினால் அதே இடத்தில் மாடு மேயும். நில அளவைக்காரர்கள் பெரும்பாலும் மழை ஓய்ந்த மாதங்களில்தான் வெளியே போய் அளப்பார்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு ஜனவரியில் வந்தவர் பார்த்த ஏரி வேறு, ஏப்ரலில் வந்தவர் பார்த்த ஏரி வேறு. உங்கள் தெரு இருப்பது அந்த மேற்கு விளிம்பில்தான். அதனால் அங்கே தாளில் தண்ணீரைக் காட்டும் நீல நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கரையைப் பிடித்துக்கொண்டு போங்கள். தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் கரை நகராது, அளவைக்காரர் எந்த மாதம் வந்தாலும் அதே இடத்தில்தான் வரைந்திருப்பார். பழைய தாளில் கிழக்கு விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள், சீப்புப் பல் மாதிரிச் சின்னச் சின்னக் கோடுகளோடு ஒரு வளைவு ஓடுவது தெரிந்தால் அதுதான் கரை. ஏரி போன பிறகும் கரை பெரும்பாலும் சாலையாகத் தங்கிவிடும், ஏனென்றால் மேடான இடத்தில் ஏற்கனவே வண்டித்தடம் இருக்கும். நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு என்று பெயரே இருக்கிறது. பக்கத்தில் லேக் ஏரியா, 1976-இல் திறந்த வள்ளுவர் கோட்டம், எல்லாம் ஏரி இருந்த இடம். கட்டம் கட்டமாகப் போகும் தெருக்களுக்கு நடுவே ஒரு தெரு மட்டும் காரணமில்லாமல் வளைந்தால் நான் அங்கே ஒரு நிமிடம் நின்றுவிடுவேன். குறுக்குத் தெருவில் ஒரு பக்கம் இறங்கும்போது கால் சரிவை உணர்கிறதா என்று நடந்து பாருங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். தாளின் ஓரத்தில் அளந்த ஆண்டும் அச்சிட்ட ஆண்டும் தனித்தனியாக இருக்கும். அச்சாண்டை எடுத்துக்கொண்டு 'இந்த வருடம் ஏரி இருந்தது' என்று எழுதுகிறவர்கள் நிறைய, ஆனால் அளந்தது அதற்கு இருபது வருடம் முன்பாக இருக்கலாம். அப்புறம், அந்தக் காலத்து ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் தாளில் அரை மில்லிமீட்டர் கோடு தரையில் 30 மீட்டருக்கு மேல். அதை வைத்து ஒரு வீடு உள்ளேயா வெளியேயா என்று கேட்கவே முடியாது. பொருத்தும்போது கோயில், தேவாலயம், ரயில் பாலம் இப்படி அசையாத இடங்களைப் பிடியுங்கள். கடற்கரையைப் பிடிக்கவே வேண்டாம், துறைமுகம் கட்டிய பிறகு மணல் சேர்ந்து மெரினா அகலமாகிவிட்டது, அதில் பொருத்தினால் மொத்தப் படமும் தள்ளிப்போகும்.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம்தான். ஏரிக்குக் கரை இருக்கிறது, தண்ணீர் திறந்துவிட மதகும் உபரி வழிந்தோடக் கலங்கலும் இருக்கின்றன, ஆயக்கட்டு என்று பாசன நிலத்துக்குக் கணக்கு இருக்கிறது, வரி வந்ததால் அரசாங்கம் ஒழுங்காக அளந்து வைத்தது. பள்ளிக்கரணை மாதிரியான கழுவெளிக்கு, அதாவது சதுப்பு நிலத்துக்கு, இதில் எதுவுமில்லை. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று சொல்ல ஒரு மேடு கிடையாது, கோரையும் சேறும் மெல்ல மெல்ல வயலாக மாறும். தாளில் சில புல் குறிகளைப் போட்டுவிட்டு அளவைக்காரர் நகர்ந்துவிடுவார், வருவாய்க் கணக்கிலோ அது புறம்போக்கு, தரிசு. 'ஒன்றுக்கும் ஆகாத நிலம்' என்று எழுதிய இடத்தில் குப்பை கொட்டவும் கட்டடம் எழுப்பவும் யாருக்கும் தயக்கம் வராது, அப்படித்தான் பெருங்குடி குப்பைமேடு வந்தது. தென்சென்னையின் எத்தனையோ ஏரிகளின் உபரி நீர் அங்கே சேர்ந்துதான் ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள், மிச்சமிருப்பதற்காவது ஒரு அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் பழைய எல்லையைத் தேடுகிறவர் ஒரு தாளை மட்டும் நம்ப முடியாது, வெவ்வேறு வருடத்துத் தாள்களை அடுக்கிப் பார்க்க வேண்டும், கிராம வரைபடத்தையும், ஒவ்வொரு நிலத்தின் வகையையும் பரப்பையும் எழுதி வைக்கும் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டையும் சர்வே எண் வாரியாகப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், அங்கே மாடு மேய்த்தவர்களிடமும் மீன் பிடித்தவர்களிடமும் போய்க் கேட்க வேண்டும்.

சரி, உங்கள் தெருவுக்கு வருவோம். இரண்டு தாள்களின் கீழ் ஓரத்தையும் படமெடுத்து அனுப்புங்கள், அளந்த ஆண்டைப் பார்த்துச் சொல்கிறேன். அப்பாவிடம் ஏரியைப் பற்றிக் கேட்காதீர்கள். சின்ன வயதில் பெருமழை பெய்தால் தெருவில் எந்த முனையில் முதலில் தண்ணீர் நின்றது என்று கேளுங்கள்.