பயோகெமிஸ்ட்ரி படித்தால் என்ன வேலை?

அன்புள்ள ஐயா,

என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நீட் மதிப்பெண் போதவில்லை. நாகர்கோவிலில் பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி கிடைக்கும்போல் இருக்கிறது. “அதைப் படித்துவிட்டு லேபில் ரத்தம் எடுக்கத்தான் போக வேண்டும்” என்கிறார் மைத்துனர். சேர்க்கலாமா?

ஒரு வாசகர், மார்த்தாண்டம்

அன்புள்ள நண்பருக்கு,

மைத்துனர் சொல்லும் வேலைகூட அந்தப் பட்டத்துக்கு நேராக வந்துவிடாது. அரசு மருத்துவமனை லேப் டெக்னீஷியன் பணிக்குக் கேட்பது மருத்துவ ஆய்வக நுட்பப் படிப்பை. லேப்தான் குறி என்றால் அதையே படிக்கட்டும்.

பயோகெமிஸ்ட்ரி வேறு படிப்பு; உயிருக்குள் நடக்கும் வேதியியல். வீட்டில் மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கை) நறுக்கி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுகிறார்கள் அல்லவா? கிழங்கில் லினாமரின் என்ற பொருள் செல்லுக்குள்ளும், அதை உடைக்கும் லினாமரேஸ் என்ற நொதி செல்சுவர்ப் பக்கமும் இருக்கின்றன. கத்தி பட்டதும் இரண்டும் சந்திக்கின்றன; கடைசியில் ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு வெளியேறிக் காற்றோடு போகிறது. முழுக்கிழங்கைக் கொதிநீரில் போட்டால் நொதி சூட்டில் செயலிழந்துவிடும். லினாமரின் உள்ளேயே தங்கும். அது நீரில் கரைவதால்தான் சிறு துண்டும், வடிப்பதும். நம் பாட்டிமார் நொதியின் பெயர் தெரியாமலே செய்தது. இதை மகளிடம் சொல்லிப் பாருங்கள். எத்தனை டிகிரியில் அந்த நொதி கெடும் என்று அவள் திருப்பிக் கேட்டால், தயங்காமல் சேருங்கள்.

பெயரில் ‘பயோ’ இருப்பதால் உயிரியல் பிடித்த பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். உள்ளே காத்திருப்பது வேதியியல். பஃபர் (அமிலத்தன்மை எளிதில் மாறாத கரைசல்) கணக்கும், 1913இல் மைக்கேலிஸும் மென்டனும் தந்த நொதிச் சமன்பாடும் பலரை மிரட்டும். அவளது உயிரியல் மதிப்பெண்ணைவிட வேதியியல் மதிப்பெண்ணைப் பாருங்கள். முதலாண்டு முழுக்கக் கடைசி பெஞ்சில் நீட் புத்தகம் புரட்டுவதுதான் திட்டம் என்றால் இந்தத் துறை வேண்டாம், இரண்டும் கெட்டுப்போகும்.

மூன்றாண்டோடு நிறுத்தினால் வழி குறுகல்தான். பட்டம் கேட்கும் அரசுத் தேர்வுகள் எல்லோருக்கும் பொது. ஆனால் உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கு 2011ஆம் ஆண்டு விதிகள் ஏற்கும் பட்டங்களில் பயோகெமிஸ்ட்ரியும் ஒன்று என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. போட்டி கடுமை, அது வேறு.

உண்மையான பலன் எம்.எஸ்சி.க்குப் பிறகு. இறுதியாண்டிலேயே எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் என்ற தேசிய நுழைவுத் தேர்வில் பயோடெக்னாலஜி தாளை எழுதலாம். ஐஐடிகளுக்கும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கும் அது வாசல். எம்.எஸ்சி. முடித்து சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர் தகுதி) பெற்றால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு முனைவர் பட்ட ஆய்வு செய்யலாம்.

அதற்குத் தொலைதூரம் போகவும் வேண்டாம். உங்கள் ஊருக்குத் திருநெல்வேலியைவிடத் திருவனந்தபுரம் கிட்ட. ராஜீவ் காந்தி பயோடெக்னாலஜி மையமும், மரச்சீனியையே ஆராயும் ஸ்ரீகாரியம் கிழங்கு ஆராய்ச்சி நிலையமும் அங்கே இருக்கின்றன. வைத்தியத்துக்கு மட்டும் நாம் பஸ் ஏறும் ஸ்ரீசித்திரை மருத்துவ நிறுவனத்திலும் ஆய்வுப் படிப்பு உண்டு.

பணம் கட்டும் முன் கல்லூரி ஆய்வகத்தைப் பாருங்கள். கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் கருவி உறை போட்டு மூடியிருந்தால், மாணவர்கள் கடைசியாக அதை எப்போது தொட்டார்கள் என்று இரண்டாமாண்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள். துறைத்தலைவரிடம் கேட்காதீர்கள்.