ஆட்டோ டாஃபிங் வந்தாச்சு, அடுத்து யாரு?

கேள்வி: எங்க மில்லுல புது ரிங் ஃப்ரேம் (நூல் நூற்கற மெஷின்) இறக்கியிருக்காங்க. டாஃபிங்குக்கு, அதாவது நூல் நிறைஞ்ச குழலை உருவற வேலைக்கு, இனி ஆளே வேண்டாமாம். "நூல் தரத்துக்குத்தான்"னு மேனேஜர் சொல்றார். நெசமாவே தரத்துக்குத்தானுங்களா?
– வாசகர், பல்லடம்

பதில்: தரமும் இருக்குங்க, பொய் சொல்லல. ஆனா தரத்துக்காக மட்டும் யாரும் கோடிக்கணக்குல கடன் வாங்க மாட்டாங்க. பழைய ஃப்ரேம்ல 440 கதிர் (நூல் சுத்தற தண்டு) இருக்கும், அதுல மாட்டின காப், அதாவது நூல் குழல், நிறைஞ்சதும் மெஷினை நிறுத்தி நாலஞ்சு பேர் ஓடி ஓடி உருவி காலி டியூபை மாட்டணும். இப்ப 1,200, 1,600ன்னு கதிர், அம்புட்டையும் ஆட்டோ டாஃபிங் ரெண்டு மூணு நிமிஷத்துல முடிச்சிடுது. காப்புல இருக்கற நூலை பெரிய கோன்ல சுத்தற கோன் வைண்டிங்லயும் அதே கதைதான், முன்ன பொம்பளைங்க கையில நாட்டர்ங்கற முடிச்சு போடற கருவியை மாட்டிக்கிட்டு அறுந்த நூலை முடிஞ்சிட்டே இருப்பாங்க, இப்ப ஆட்டோ கோனர் மெஷின் காத்தடிச்சு முடிச்சே இல்லாம சேத்துடுது. ரிங் ஃப்ரேமோட நேரா இணைச்ச லிங்க் கோனர் வந்துட்டா காப்பை தூக்கிட்டு போற ஆளும் வேண்டாம். இதுக்கெல்லாம் 1999ல இருந்து டஃப் (ஜவுளி மில்லுங்க புது மெஷின் வாங்க மத்திய அரசு கொண்டுவந்த) திட்டத்துல வட்டி மானியம் வேற கெடச்சுது, ஆளை கொறைக்க அரசாங்கப் பணம்!

எத்தனை பேர் போனாங்கங்கறதை விட மிச்சம் நிக்கறது யாருன்னு பாருங்க. கைப்பழக்கம் வேணுங்கற வேலையை மெஷின் எடுத்துக்கிட்டா மத்ததை கொஞ்ச நாள் பழகின யார் வேணா செய்யலாம், அப்புறம் இருபது வருஷம் சர்வீஸ் போட்டவருக்கு எதுக்கு அவ்ளோ சம்பளம்னு கணக்கு போடுவாங்க. நம்ம பக்கம் அப்படித்தான் நிரந்தர ஆளுங்க எடத்துக்கு அப்ரண்டிஸ்னு சொல்லி சின்னப் பொண்ணுங்களை ஹாஸ்டல்ல தங்க வெச்சாங்க, 3 வருஷம் முடிச்சா கல்யாணத்துக்கு மொத்தமா ஒரு தொகைன்னு. அதுக்கு சுமங்கலி திட்டம்னு பேரு, பேரு மட்டும் மங்களகரம். இப்ப பீகார், ஒடிசா பசங்க.

கேள்வி: தொழிலாளியை அடக்கறதுக்குன்னே ஒரு மெஷினை கண்டுபிடிச்சாங்கன்னு எங்க சங்கத்துப் பெரியவர் சொல்றார். கதையா?
– வாசகி, உடுமலை

பதில்: கதை இல்லம்மா. இங்கிலாந்துல மான்செஸ்டர் பக்கம், நூற்கறவங்க ஸ்ட்ரைக் பண்ணி பண்ணி முதலாளிங்க நொந்து போய் ரிச்சர்ட் ராபர்ட்ஸ்ங்கற இன்ஜினியர்கிட்ட போய் நின்னாங்க, ஆள் தயவு இல்லாம ஓடற மியூல்ங்கற நூற்பு மெஷின் ஒண்ணு செஞ்சு குடுப்பான்னு. 1825ல பேட்டன்ட் எடுத்துட்டார். வேடிக்கை என்னன்னா, அந்த மெஷின் பரவின பிறகும் அதே ஆளுங்கதான் பல வருஷம் அதை பாத்துக்கிட்டு நின்னாங்க, சங்கம் பலமா இருந்துச்சு.

கேள்வி: மெஷின் வந்ததும் ஹெச்.ஆர்.ல கூப்பிட்டு ராஜினாமா எழுதிக் குடுங்கறாங்க. குடுக்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: குடுக்காதீங்க! மெஷின் மாத்தி ஆள் குறையற மாதிரி இருந்தா 21 நாள் முன்னாடி எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும், இது 1947 தொழில் தகராறு சட்டத்துலயே 9ஏ பிரிவுல இருந்துச்சு, அதுக்கு பதிலா வந்த 2020 தொழில் உறவுச் சட்டத்துலயும் இருக்கு. அவங்களா நிறுத்துனா வருஷத்துக்கு 15 நாள் சம்பளம்னு இழப்பீடு. "சொந்த காரணத்தால விலகறேன்"னு நீங்களா கையெழுத்து போட்டா அந்த இழப்பீடு போச்சு, கிராஜுவிட்டி மட்டுந்தான், அதுவும் 5 வருஷம் முடிஞ்சிருந்தா. பேப்பரை நீட்டுனா வீட்ல கேட்டுட்டு சொல்றேன்னு வாங்கிட்டு வந்து, சங்கத்து ஆள்கிட்டயோ லேபர் ஆபீஸ்லயோ காட்டுங்க.