முதுகெலும்பில் தொற்று: உடனே ஆன்டிபயாடிக் போடலாமா?

குடியாத்தத்தில் அப்பாவுக்கு ஒரு மாதமாக முதுகுவலி, இரவில் காய்ச்சல், எம்ஆர்ஐயில் தொற்று தெரிகிறது, உடனே ஆன்டிபயாடிக் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கால் பலவீனமோ ரத்த அழுத்தம் குறைவதோ இல்லையென்றால், மருந்துக்கு முன் ரத்த கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள். அதில் கிருமி பிடிபடாவிட்டால், சி.டி. ஸ்கேனில் பார்த்தபடி ஊசியால் சோதனைக்கு எலும்புத் துணுக்கு எடுப்பார்கள். மருந்து முந்திவிட்டால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். நம் பக்கம் காசநோயாகவும் இருக்கலாம் என்பதால், எந்தக் கிருமி என்று அறிவது ரொம்பவே முக்கியம். ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா என்றால் பெரும்பாலும் 6 வாரச் சிகிச்சை. காசநோய் என்றால் கூட்டு மாத்திரைகள், பல மாதங்கள். எம்ஆர்ஐயை மட்டும் வைத்து இரண்டையும் உறுதியாகப் பிரிக்க முடியாது. காய்ச்சாத பால் குடிப்பவரா? அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அத்தகைய பாலில் பரவும் புருசெல்லா என்ற பாக்டீரியாவாக இருக்கலாம்.

கால் மரத்தாலோ சிறுநீர் அடைத்தாலோ காலைவரை காத்திருக்காதீர்கள். அன்றிரவே வேலூருக்குக் கூட்டிப்போங்கள். அறுவை தேவைப்படலாம்.